மாத்திரை கொடுத்த வாக்கு

786

கடலூர் முதுநகர்
12-6-1961, திங்கட்கிழமை

அன்பும் மரியாதையும் கொண்ட என் மச்சான் ரஃபியுதீன் அவர்களின் சமூகத்துக்கு, முதுநகர் மல்லாட்டை மண்டி நூருல் அமீன் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் தங்கள் வீட்டாரும் பிள்ளைகளும் குடைக்கடையும் சிதம்பரத்தில் நல்லபடி இருக்க அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன். இங்கே யாவரும் சுகம் என்று அடுத்த வரி வர வேண்டும். யாவரும் சுகமாக இருந்திருந்தால் ஒரு கார்டில் நாலு வரியோடு முடித்திருப்பேன். கவர் வாங்கியிருக்கிறேன் என்பதிலிருந்தே விஷயம் கொஞ்சம் பெரிது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எழுத்தைப் பார்த்துவிட்டு இது அத்தான் கை இல்லையே என்று குழம்ப வேண்டாம். எழுதுவது என் மகள் ஜெய்னப். என் வலது கை இன்னும் முழுதாக அடங்கவில்லை, பேனாவைப் பிடித்தால் சல்லடை மாதிரி ஆடுகிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். அவளைப் பற்றிய கடிதத்தை அவளை வைத்தே எழுத வேண்டுமா என்று உங்கள் அக்கா கேட்டாள். உங்கள் அக்காவுக்கு எழுத வராது. மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். வேறு யாரிடம் போக? சொல்கிறபடியே எழுத வேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சரி அத்தா என்றிருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. மாடி அறைக்கு வெள்ளையடித்து மேசை நாற்காலி போட்டுவிட்டதாகவும், வரும் வியாழக்கிழமை நீங்களே வந்து ஜெய்னபை அழைத்துப்போய் அண்ணாமலை நகரில் பி.எஸ்ஸி. விலங்கியலில் சேர்த்துவிடப் போவதாகவும், அவள் உங்கள் வீட்டிலிருந்தே படிப்பாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பி.யூ.சி.யில் முதல் வகுப்பு வாங்கிய பெண்ணை வீட்டில் உட்கார வைக்கக் கூடாது என்று எனக்குப் புத்தியும் சொல்லியிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் ஆதாரமாக ரமலானில் நோன்பு திறக்கும்போது நாலு பேர் முன்னால் நான் கொடுத்த வாக்கைக் காட்டியிருக்கிறீர்கள். மச்சான், அந்த வாக்கைக் கொடுத்தது நான் இல்லை, மாத்திரை. அதைத் தங்களுக்குப் புரியவைத்து வாக்கை வாபஸ் வாங்கத்தான் இந்தக் கடிதம்.

இது எங்கே ஆரம்பித்தது என்றால் தரகர் தங்கராசுவிடம் ஆரம்பித்தது. தங்கராசு பெண்ணாடம் பக்கத்திலிருந்து நமக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்கிற ஆள், உங்களுக்கும் தெரியும். ரமலானுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வண்டி மல்லாட்டைக் கடலை கொண்டுவந்தான், மூட்டைக்கு மூட்டை மேலே காய்ந்தது, அடியில் ஈரம். நான் வழக்கம்போல நாலு வார்த்தை கேட்டேன். வழக்கம்போல என்றால் ரயிலடி வரைக்கும் கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும்போது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி என் சட்டையும் தங்கராசு துண்டும் நனைந்துபோய், அவனே என்னைக் குதிரை வண்டியில் தூக்கிப் போட்டுப் புதுநகரில் டாக்டர் தேவநாதனிடம் கொண்டுபோனான். போகிற வழியெல்லாம் ஈரச் சரக்கைப் பற்றி நான் சொல்லிக்கொண்டே போனேன், அவன் தலையாட்டிக்கொண்டே வந்தான். டாக்டர் என் கையில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கி, பாதரசம் ஏறுவதைப் பார்த்தார். பார்த்தவர் என்னைப் பார்க்கவில்லை, தங்கராசுவைப் பார்த்து, இவரை இப்படிக் கோபப்பட விடலாமா என்று கேட்டார். யாரைப் பார்த்து யாரைக் கேட்கிறார் பாருங்கள்.

ரத்தக் கொதிப்பு என்று சொல்லி ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார். ரெசர்பின் என்று பெயர். சர்ப்பகந்தி என்கிற வேரிலிருந்து எடுக்கிறார்களாம், அந்தக் காலத்தில் பாம்புக்கடிக்கும் பைத்தியத்துக்கும் அந்த வேரைத்தான் அரைத்துக் கொடுத்தார்களாம். என்னை இன்னும் பாம்பு கடிக்கவில்லையே டாக்டர் என்றேன். அவர் இன்னொன்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காலை, மதியம், இரவு, சாப்பிட்ட பிறகு ஒவ்வொன்று, உப்பைக் குறை, சத்தத்தைக் குறை என்று அனுப்பிவிட்டார். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாலாம் நாள் ரமலான் பிறை தெரிந்தது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். பகலெல்லாம் நோன்பு, மதிய மாத்திரையை எப்போது போடுவது? டாக்டரிடம் கேட்டால் நோன்பே வேண்டாம் என்பார், அதனால் கேட்கவில்லை. நானே யோசித்தேன். ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று மூட்டை மாதிரி. மூன்று மூட்டையை மூன்று நடையாக அனுப்பினாலும் ஒரே வண்டியில் ஏற்றினாலும் எடை ஒன்றுதானே? மண்டியில் தினமும் பார்க்கிற கணக்கு. ஆகையால் நோன்பு திறந்து, பேரீச்சம்பழம் ஒன்றைக் கடித்து, நோன்புக் கஞ்சி ஒரு மடக்குக் குடித்து, அதோடு மூன்று மாத்திரையையும் சேர்த்து உள்ளே தள்ளினேன். மாதம் முழுக்க இதே ஏற்பாடு. கஞ்சி ருசியில் மாத்திரை தெரியவே தெரியாது.

முதல் வாரத்தில் மூக்கு அடைத்துக்கொண்டது. சளி இல்லை, ஜுரம் இல்லை, சும்மா அடைப்பு. மல்லாட்டையை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்தே காறல் வாடையைச் சொல்லிவிடுகிறவன் நான், உங்களுக்குத் தெரியும். அந்த மூக்கு போய்விட்டது. தங்கராசு மறுபடியும் ஒரு வண்டி கொண்டுவந்தான், அதிலும் ஈரம், கூடவே பூஞ்சை. நான் கையில் எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பரவாயில்லை தங்கராசு, மண்ணுக்குள்ள இருந்த சரக்குல ஈரம் இருக்கத்தானே செய்யும், இறக்கு என்றேன். அவன் இறக்கவில்லை. நின்றான். மொதலாளி, ஒடம்புக்கு ஜாஸ்தியா இருக்குதா, வீட்டுக்குப் போறீங்களா என்று கேட்டான். நான் சிரித்தேனாம். அவன் சரக்கோடு வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் காய்ந்த சரக்காகக் கொண்டுவந்து, வாயைத் திறக்காமல் இறக்கிவிட்டுப் போனான். முப்பது வருஷம் தொண்டை வற்றக் கத்தி நடக்காதது ஒரு சிரிப்பில் நடந்தது. அவன் பயந்துபோய்ச் செய்தானே தவிர மனம் மாறிச் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் தூக்கம். ராத்திரி தராவீஹ் தொழுகையில் ஸஜ்தாவுக்குப் போனவன் அங்கேயே இருந்துவிட்டேன். ஜமாஅத் முழுக்க எழுந்து நின்று, மறுபடி குனிந்து, மறுபடி எழுந்த பிறகும் நான் நெற்றியைப் பாயில் வைத்தபடி இருந்தேனாம். பக்கத்தில் இருந்தவர்கள், இந்த வருஷம் நூருல் அமீன் பாய்க்கு பக்தி ஜாஸ்தியாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. தூக்கம் வந்ததோடு கண்ணீரும் வந்தது. கசாப்புக் கடை வாசலில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்து அழுதேன். நம் வீட்டுக் கிணற்று ராட்டினம் கிறீச்சென்றது, அதற்கும் அழுதேன். உங்கள் அக்கா போய் ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டாள்.

உங்கள் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து என் சத்தத்தைக் குறை சொன்னவள் அமீனா பீவி. சத்தம் நின்றதும் அவள்தான் முதலில் கலங்கினாள். நான் தெருமுனையில் வரும்போதே அவளுக்குக் குரல் கேட்டுவிடும், சோற்றை எடுத்து வைப்பாள். மாத்திரை நாட்களிலோ சத்தமில்லாமல் வந்து நின்றேன், திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆள். இவுரு இப்பிடி பூன மாதிரி வந்து நின்னா எனக்கு ஈரக்கொல நடுங்குதுங்க என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்ச் சொல்லி, ஓதிய தண்ணீர் வாங்கி வந்து என் முகத்தில் தெளித்தாள். நான் துடைத்துக்கொண்டு, ரொம்ப சந்தோஷம் என்றேன். அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இந்த நிலைமையில் இருக்கிற மனுஷனிடம்தான் மச்சான் நீங்கள் வந்தீர்கள். உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை, உங்களுக்கு எப்படித் தெரியும்? நோன்பு திறந்து, கஞ்சியும் மூன்று மாத்திரையும் உள்ளே போய், மஃக்ரிபு தொழுதுவிட்டு நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஹஜ்ரத்தும் விருந்துக்கு வந்திருந்தார். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். அதற்கு முன் இதே படிப்புப் பேச்சை ஜெய்னப் என்னிடம் எடுத்து, நான் போட்ட சத்தத்தில் உத்திரத்திலிருந்த புறா பறந்துபோனது உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கேட்ட அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? போகட்டும் மச்சான், புள்ள ஆசப்படுது, படிக்கட்டும், அல்லாஹ் சாட்சியா நான் தடுக்க மாட்டேன் என்றேன். சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் கஞ்சி கேட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து ஏதோ விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. ஜெய்னப் கையிலிருந்த பாத்திரம் என்று பிறகு சொன்னார்கள்.

இது போதாது என்று பெருநாள் கழிந்ததும் சிதம்பரத்துக்கு வேறு வந்தேன். நானாகத்தான் ரயில் ஏறினேனாம், அவளையும் கூட்டிக்கொண்டு. உங்கள் கடைக்கு வாடிக்கையான ஒரு லெக்சரர் எங்களை அண்ணாமலை நகருக்குள் அழைத்துப்போய்ப் பரிசோதனைக் கூடத்தைக் காட்டினார். அங்கே ஒரு தவளையின் இருதயம் மட்டும் தனியே ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் துடித்துக்கொண்டிருந்தது. தவளை எங்கேயென்று கேட்டேன், அது போய்விட்டது என்றார். ஒரு மருந்தைச் சொட்டு விட்டார், இருதயம் மெதுவானது, நின்றுவிடுமோ என்று பார்த்தேன். கழுவிவிட்டு வேறு மருந்து ஒரு சொட்டு விட்டார், கடகடவென்று அடித்தது. யாரும் அதைத் திட்டவில்லை, யாரும் அதற்கு ஈரச் சரக்கு விற்கவில்லை, சொட்டுக்கு ஒரு விதமாக அடித்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். ஜெய்னப் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கிண்ணத்தை விட்டு அவள் கண் நகரவில்லை. லெக்சரரிடம், முதல் சொட்டை ரெண்டு மடங்கா விட்டா என்ன ஆகுங்க சார் என்று கேட்டாள். இதை இப்போது நான் சொல்லும்போது பேனாவைக் கொஞ்சம் நிறுத்தினாள், பிறகு எழுதிவிட்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் கை நடுங்க ஆரம்பித்தது, தராசுக் கோலைப் பிடித்தால் முள் நிற்கவில்லை. டாக்டரிடம் போனேன். அப்போதுதான் மூன்று மாத்திரையையும் சேர்த்துப் போட்ட கணக்கு வெளியே வந்தது. பெருநாளுக்குப் பிறகும் ராத்திரி ஒரே வேளையாகவே போட்டுக்கொண்டிருந்தேன், பழகிவிட்டது. டாக்டர் தேவநாதன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூணு பேரு ஆளுக்கு ஒரு நேரமா வந்து உங்க கிட்ட பேசறதும், மூணு பேரும் ஒண்ணா வந்து கதவ ஒடைக்கறதும் ஒண்ணுங்களா பாய் என்று கேட்டார். நான் மூட்டைக் கணக்கைச் சொன்னேன். உங்க ஒடம்பு மாட்டு வண்டி இல்ல என்றார்.

பிறகு அவர் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார், அந்த மட்டில் நல்ல மனுஷன். நரம்பு நுனியில் சின்னச் சின்னக் கிடங்கு இருக்கிறதாம். அவசரம் வந்தால் அதிலிருந்து சரக்கு இறங்குமாம். அந்தச் சரக்கு இறங்கினால் இருதயம் வேகமாக அடிக்கும், ரத்தக் குழாய் இறுகும், முகம் சிவக்கும். இந்த மாத்திரை அந்தக் கிடங்கில் சரக்கைத் தங்கவிடாதாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டு வீணடித்துவிடுமாம். அப்புறம் அவசரம் என்று ஆள் வந்து நின்றால் கொடுக்க ஒன்றும் இருக்காது. கொதிப்பு இறங்கும், கூடவே மூக்கு அடைக்கும், தூக்கம் வரும். மூளைக்குள்ளும் இதே மாதிரி கிடங்குகள், அங்கேயும் காலி, அதனால்தான் அழுகையும் நடுக்கமும். மாத்திரையை நிறுத்தினாலும் உடனே சரியாகாது, புதுச் சரக்கு வந்து நிறைய நாளாகும். என் மண்டியில் இப்படிச் சரக்கைக் கசியவிடுகிற ஆள் இருந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பேன், இவர்கள் அதைக் காசு வாங்கிக்கொண்டு டப்பாவில் போட்டுக் கொடுக்கிறார்கள். மாத்திரையை மாற்றிவிட்டார். இப்போது கொடுத்திருப்பது நீரைப் பிரிய வைக்கிற மாத்திரை. அதனுடைய கதை கடிதத்தில் எழுதக் கூடியது இல்லை.

போன மாதம் ஒரு நாள் வாசலை அடைத்துக்கொண்டு ஒருவன் கட்டை வண்டியை நிறுத்தினான். என்னை அறியாமல் ஒரு சத்தம் வந்தது பாருங்கள். எதிர்க் கடைக்காரர்கள் எழுந்து வெளியே வந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ் பாய்க்குச் சரியாகிவிட்டது என்றார்கள். வீட்டில் உங்கள் அக்காவுக்குக் கேட்டிருக்கிறது, அன்றைக்கு எனக்கு இனிப்பாக வட்டிலப்பம் கிடைத்தது. மூக்கும் திறந்துவிட்டது. கை மட்டும்தான் பாக்கி.

புத்தி திரும்பியதும் வாக்கு ஞாபகம் வந்தது. படிக்கிற பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும்? ரயிலில் போகிறாள் வருகிறாள் என்பார்கள். தவளையை அறுக்கிற பெண்ணை யார் வீட்டுக்குக் கேட்பார்கள்? தவிரவும் படித்த பெண்ணுக்குப் பணிவு இருக்காது, இருக்கவே இருக்காது. வாக்கை ரத்து செய்ய வழியுண்டா என்று முதலில் டாக்டரிடம் கேட்டேன். அன்றைக்குப் பேசியது நானா மாத்திரையா, ஒரு சர்ட்டிபிகேட் தாருங்கள் என்றேன். அவர் தரவில்லை. மாத்திர உள்ள இருக்கறதக் கொறைக்கும் பாய், இல்லாத ஆசய புதுசா கொண்டாந்து வெக்காது, கோவத்த எடுத்துட்டுப் பாத்தா மிச்சம் என்னா இருந்துச்சோ அதத்தான் சொல்லியிருப்பீங்க என்றார். அவர் இன்னும் கல்யாணம் ஆகாதவர், பெண் பிள்ளை பெற்றவர் இல்லை. விட்டுவிட்டு ஹஜ்ரத்திடம் போனேன்.

ஹஜ்ரத் முழுக்கப் பொறுமையாகக் கேட்டார். மாத்திரையின் பெயரை இரண்டு முறை சொல்லச் சொன்னார். அன்றைக்குப் புத்தி என் வசம் இல்லை, ஆகையால் வாக்கு செல்லாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, சரி பாய், செல்லாதுன்னே வெச்சுக்குவோம், அந்த மாசம் பூரா நீங்க நோன்பு வெச்சீங்க, தொழுதீங்க, அதெல்லாம் புத்தியோட செஞ்சதா புத்தி இல்லாம செஞ்சதா என்று கேட்டார். வாக்கு குடுக்கறப்ப இல்லாத புத்தி அரை மணி முன்னாடி நோன்பு தொறக்கறப்ப எங்கேந்து வந்துச்சு என்றார். அதாவது வாக்கு செல்லாது என்றால் அந்த மாதத்து நோன்பும் தொழுகையும் செல்லாது, எல்லாவற்றையும் களாவாகத் திரும்ப நிறைவேற்ற வேண்டும். நோன்பு செல்லும் என்றால் வாக்கும் செல்லும். ரெண்டுல ஒண்ண எடுத்துக்குங்க என்று சொல்லிவிட்டு எழுந்து தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்யப் போய்விட்டார்.

இதைக் கேட்டால் வேறு யாரும் வாக்குக்கே பணிந்திருப்பார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஹஜ்ரத்தும் அப்படித்தான் நினைத்தார். நான் நூருல் அமீன். வீட்டுக்கு வந்து மாத நோன்பு முழுவதையும் மறுபடி பிடிப்பதாக நிய்யத் வைத்துவிட்டேன். ஆனி பிறக்கப்போகிற கடலூர் வெயில், கடல் காற்று சாயங்காலம்தான் வருகிறது, பகலில் மண்டித் தகரத்துக்குக் கீழே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. இன்றைக்கு மூன்றாவது நோன்பு. தொழுகையையும் வேளைக்கு வேளை இரட்டிப்பாகத் தொழுகிறேன். டாக்டரிடம் சொல்லவில்லை, சொன்னால் அந்தத் துணிப்பட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார்.

உங்கள் அக்கா இந்த நோன்புக்குச் சோறாக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எம்புள்ள படிப்பக் கெடுக்கறதுக்கு நோன்பா, அதுக்கு என் கையால ஒலை வெக்க மாட்டேன் என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சும் இல்லை. ஆகையால் விடியுமுன் ஸஹருக்கு எழுந்து எனக்குச் சோறாக்கிப் போடுவது ஜெய்னப்தான். பருப்பானமும் கருவாடும் வைக்கிறாள். தண்ணீரை இன்னும் ஒரு டம்ளர் குடிங்க அத்தா, வெயில் ஜாஸ்தி என்கிறாள். வேறு ஒன்றும் கேட்பதில்லை.

ஆகையால் மச்சான் அவர்கள், மேற்படி வாக்கு ரமலான் மாதத்தில் மாத்திரையின் செய்கையால் வாயிலிருந்து வந்தது என்பதையும், அதற்கு ஈடாக நான் நோன்பைத் திரும்பப் பிடித்துக் கணக்கை நேர் செய்கிறேன் என்பதையும் ஒப்புக்கொண்டு, வியாழக்கிழமை தாங்கள் வரும் பிரயாணத்தை ரத்து செய்துகொள்ள வேண்டியது. வெள்ளையடித்த அறையை வாடகைக்கு விட்டுவிடலாம். ஜெய்னபுக்கு நல்ல இடமாக நானே பார்க்கிறேன். இதில் தங்களுக்கு வருத்தம் இருந்தால் பெரிய மனது வைத்துப் பொறுத்துக்கொள்ளவும்.

தங்கள் வீட்டாருக்கு என் ஸலாமும், பிள்ளைகளுக்கு என் துஆவும் சொல்லவும். அமீனா பீவியும் ஸலாம் சொல்லச் சொன்னாள் என்று எழுத வேண்டும், அவள் என்னிடம் பேசுவதில்லை ஆதலால் சொன்னாளா என்று தெரியாது. இதை எழுதிய ஜெய்னப் மாமாவுக்கும் மாமிக்கும் ஸலாம் சொல்கிறாள்.

இப்படிக்குத் தங்கள் அன்பை மறவாத
நூருல் அமீன்

பின்குறிப்பு: மச்சான், இந்தக் கோணல் எழுத்து என்னுடையது. ஜெய்னப் தபால் தலை எடுக்க உள்ளே போயிருக்கிறாள். கையெழுத்துப் போட மட்டும் பேனாவைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எழுதி முடித்ததும் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னேன். எங்கேயாவது ஒரு வார்த்தையை விழுங்கியிருப்பாள், பிடித்துவிடலாம் என்றுதான் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றையும் விடவில்லை. எழுதும்போது, படித்த பெண்ணுக்குப் பணிவு இருக்காது என்று நான் சொன்ன இடத்தில் பேனாவை நிறுத்தி, அத்தா, இருக்காதுன்னு சொன்னீங்க, அப்புறம் இருக்கவே இருக்காதுன்னீங்க, எது எழுதட்டும் என்று கேட்டாள். இரண்டையும் எழுதிவிட்டாள், மேலே பாருங்கள். வாசிக்கும்போதும் அந்த இடத்தில் குரல் இறங்கவில்லை. வாடகைக்கு விடச் சொன்ன இடத்தில் மட்டும் ஒரு மூச்சு விட்டாள்.

முப்பது வருஷமாகத் தராசு பிடிக்கிறேன். தனக்கு நஷ்டமான எடையை இப்படி ஆடாமல் நிறுக்கிற கையை நான் பார்த்ததில்லை. இவளை எந்த ஊருக்கு அனுப்பினால்தான் என்ன?

மேலே எழுதியதெல்லாம் ரத்து. மாத்திரை இப்போது என் உடம்பில் இல்லை, இதை நானே சொல்கிறேன். ஊர் பேசும் என்றது, பெண் கேட்க மாட்டார்கள் என்றது எல்லாம் சும்மா. எனக்குப் பயம் மச்சான். அவள் இல்லாமல் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல்தான் கத்தினேன். நோன்பைப் பற்றி ஹஜ்ரத்திடம் நானே பேசிக்கொள்கிறேன், அவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை, வாய் வரவில்லை. கவரை நானே ஒட்டிவிடுகிறேன். வியாழக்கிழமை காலை வண்டிக்கே வந்து நீங்களே சொல்லுங்கள். நான் மண்டியில் இருப்பேன். சாப்பாட்டுக்கு நான் வீடு திரும்புவதற்குள் அவளைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிடுங்கள்.